19ஆம் நூற்றாண்டுத் தமிழாசிரியரின் கடிதங்களை வாசிக்கத் தொடங்குவோருக்கு

பழைய கடிதக் கட்டு ஒன்றை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் உடனே செய்ய விரும்பும் வேலை, சொந்தக் கடிதங்களை ஒரு குவியலாகவும் அலுவல் கடிதங்களை மற்றொரு குவியலாகவும் பிரிப்பதுதான். அதைச் செய்ய வேண்டாம் என்பதே நான் சொல்ல வரும் முதல் யோசனை. 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு தமிழாசிரியருக்கு வீடு, வகுப்பு, மடம், அச்சுக்கூடம் ஆகியவை தனித்தனி உலகங்களாக இருக்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சாமிநாதையருக்கு முன்பு படித்தவரான தியாகராச செட்டியார், ஓய்வு பெறும்போது தம் இடத்துக்கு அவரைப் பரிந்துரைத்ததால்தான், 1880இல் உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். இந்தப் பரிந்துரையை நட்பின் கணக்கில் வைப்பதா, உத்தியோகத்தின் கணக்கில் வைப்பதா? சுவடி ஒன்றை இரவல் கேட்டு எழுதிய தாளிலேயே வீட்டில் நடக்கவிருக்கும் விசேஷத்தைத் தெரிவித்து, மேல்வரும் விடுமுறையில் நேரில் வருவதாக முடிக்கும் கடிதங்கள் அக்காலத்தில் சாதாரணம். அவற்றைப் பிரித்துவிட்டால் இரண்டு குவியல்களுமே குறைபட்டுப் போகும்.

ஆகவே நாள்வரிசை ஒன்றே வரிசை. பொருள்வாரியான பிரிவுகள் தேவைப்பட்டால் அவை உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும், கடிதக் கட்டில் வேண்டாம்.

யாருடைய பெட்டியில் எஞ்சியது

கடிதங்களைத் தேடிப் போவதற்கு முன், அவை யாரால், எந்த நோக்கத்துக்காகப் பாதுகாக்கப்பட்டன என்ற கேள்விக்கு விடை கண்டுகொள்ள வேண்டும். ஒருவருடைய கடிதங்கள் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அவர் எழுதியவை அவரிடம் இருப்பதில்லை. அவை பெற்றவர்களிடம் போய்விட்டன. அவருடைய பெட்டியில் இருப்பவை பிறர் அவருக்கு எழுதியவை. உ.வே.சா. தமக்கு வந்த கடிதங்களைக் கருத்தோடு சேர்த்து வைத்தவர். அவர் மறைவுக்குப் பின் 1943இல் அவர் பெயரால் சென்னையில் தொடங்கப்பட்டு, இன்று பெசன்ட் நகரில் இயங்கும் நூல்நிலையத்தில் அவருடைய சுவடிகளோடு அவையும் இருக்கின்றன. அந்தத் தொகுப்பில் நீங்கள் கேட்கப்போவது பெரும்பாலும் மற்றவர்களின் குரலை. அவர் என்ன எழுதியிருப்பார் என்பதை வந்த மறுமொழிகளிலிருந்துதான் ஊகிக்க வேண்டியிருக்கும்.

மிஷன் ஆசிரியர்களின் நிலை இதற்கு நேர்மாறானது. 1823இல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியின் முதல் தலைவர் தானியேல் பூர் போன்ற அமெரிக்க மிஷனரிகள், பாஸ்டனில் இருந்த தங்கள் தலைமைச் சங்கத்துக்குத் தொடர்ந்து எழுதி வந்தார்கள். அக்கடிதங்களைப் பெற்ற சங்கம் அவற்றைக் கட்டிக் காத்தது. இன்று அவை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ளன. இங்கே கிடைப்பது ஆசிரியரே அனுப்பிய குரல். ஆனால் அது பணம் தரும் மேலிடத்துக்குக் கணக்குக் காட்டும் குரல் என்பதை ஒருபோதும் மறக்கக் கூடாது. மாணவர் தொகை, மதமாற்றம், கட்டடச் செலவு ஆகியவை அவற்றில் முன்வரிசையில் நிற்கும். ஆசிரியரின் சலிப்பும் சக மிஷனரியோடு கொண்ட மனத்தாங்கலும், எழுதப்பட்டிருந்தால், வேறிடத்துக்கு எழுதிய கடிதங்களில் இருக்கும். இக்கடிதங்களின் பகுதிகள் அச்சங்கத்தின் மாத இதழில் அச்சாகியும் உள்ளன. எளிதில் கிடைப்பதால் புதியவர்கள் அவற்றையே மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். நன்கொடையாளர் படிப்பதற்காக வெட்டிச் செம்மைப்படுத்திய பகுதிகள் அவை; மூலத்தைப் பார்க்க வழியுள்ளவரை அச்சுப் பகுதியை மட்டும் நம்பி எழுத வேண்டாம்.

மூன்றாவது வகை, அரசாங்கக் கோப்பில் அகப்பட்ட கடிதம். சென்னை மாகாணத்தில் 1855 முதல் பொதுக் கல்வி இயக்குநர் என்ற பதவி இருந்தது. அரசுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் விடுப்போ ஊதிய உயர்வோ கேட்டால், அவருடைய விண்ணப்பம் கல்லூரித் தலைவர் வழியாக இயக்குநருக்கும், தேவைப்பட்டால் அங்கிருந்து அரசுக்கும் போகும். ஒவ்வொரு படியிலும் மேலதிகாரி தம் கருத்தைச் சேர்ப்பார். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கல்வித்துறை நடவடிக்கைகள் ஆண்டுவாரியாக உள்ளன. அவற்றில் ஆசிரியரின் சொற்கள் சுருக்கமாகவோ, அதிகாரியின் மேற்கோளாகவோ மட்டும் வருவது உண்டு. மேலும், உ.வே.சா.வைப் போல ஆங்கிலக் கல்வி பெறாத தமிழாசிரியர் ஒருவரின் பெயரில் ஆங்கில விண்ணப்பம் கண்ணில் பட்டால், வாசகம் உடன் பணியாற்றிய நண்பருடையதாகவும் கையொப்பம் மட்டும் அவருடையதாகவும் இருக்கலாம் என்று எண்ணியே படிக்க வேண்டும்.

இந்த மூன்றில் எதில் நுழைகிறீர்கள் என்று தெரிந்துகொள்வதே பாதி வேலை. தொடக்கநிலையினர் முதல் வகையில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. அதில்தான் மனிதர்கள் பலர் வருகிறார்கள், வாசிப்பும் அலுப்பதில்லை.

கட்டைப் பிரிப்பதற்கு முன்

ஆசிரியருடைய வாழ்க்கையை ஆண்டு, ஊர், பதவி, வெளியீடு என்ற நான்கு பத்திகளில் ஒரே பக்கத்துக்குள் எழுதிக்கொள்ளுங்கள். உ.வே.சா.வை எடுத்துக்கொண்டால் 1855இல் பிறப்பு, 1876இல் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மறைவு, 1880இல் கும்பகோணம் கல்லூரி, 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பு, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை, 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம், 1919இல் ஓய்வு, 1942இல் மறைவு என்று அது அமையும். இந்தப் பக்கம் கையில் இருந்தால், தேதியில்லாத கடிதத்தில் ‘தாங்கள் பதிப்பித்துவரும் காவியம்’ என்று வரும்போது அது எது என்று ஓரளவு அடையாளம் காணலாம்.

அதனோடு ஆட்பெயர்ப் பதிவேடு ஒன்றும் வேண்டும். ஒரே மனிதர் ஒரு கடிதத்தில் ஊர்ப்பெயரால், மற்றொன்றில் பதவியால், வேறொன்றில் முதலெழுத்துகளால் சுட்டப்படுவார். ‘முன்சீப் அவர்கள்’ என்று மட்டும் வந்தால், அந்த ஆண்டில் அந்த ஊரில் முன்சீப்பாக இருந்தவர் யார் என்று பார்த்தால்தான் அது உ.வே.சா.விடம் சிந்தாமணியைப் பற்றிக் கேட்ட சேலம் இராமசாமி முதலியாரா வேறொருவரா என்று தெரியும். பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிலையான பெயரைக் கொடுத்து, அவர் சுட்டப்பட்ட வடிவங்கள் அனைத்தையும் அதன்கீழ் எழுதி வாருங்கள். தொடக்கத்தில் வீண் வேலையாகத் தோன்றும். சில நூறு கடிதங்களுக்குப் பிறகு அதுவே உங்கள் முதன்மையான கருவியாகிவிடும்.

நூலகத்தில் முன்அனுமதி பெறுதல், பென்சிலால் மட்டும் குறிப்பெடுத்தல், ஒரு நேரத்தில் ஒரே கட்டைத் திறத்தல், கடிதங்கள் இருந்த வரிசையைக் கலைக்காமல் திருப்பி வைத்தல் ஆகியவை எங்கும் உள்ள நடைமுறைகள்தாம். படமெடுக்க அனுமதி கிடைத்தால் எழுத்துள்ள பக்கத்தோடு நிறுத்தாமல் வெற்றுப் பக்கத்தையும் உறையையும் எடுங்கள்.

தாளே ஒரு சாட்சி

வாசகத்துக்குள் போவதற்கு முன் தாளைப் பாருங்கள். இந்தியாவில் 1854 அக்டோபர் 1 முதல் தூரத்தைப் பொருட்படுத்தாத, எடையை மட்டும் கணக்கில் கொண்ட தபால் கட்டணம் வந்தது. அரையணாவுக்குக் கடிதம் மாகாணத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போனது. 1879 ஜூலை 1 முதல் காலணா விலையில் தபால் கார்டு கிடைத்தது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. அந்தக் கணக்கில், மாதம் ஐம்பது ரூபாய் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்த ஒரு கல்லூரித் தமிழாசிரியர் சுவடி தேடி ஊர் ஊராகக் கார்டு போடுவது கைக்கு எட்டும் செலவாயிற்று. பழைய நூல்களின் அச்சேற்றத்தை அச்சுக்கூடங்களின் வரலாறாக மட்டுமே சொல்வது வழக்கம். காலணாக் கார்டுக்கும் அதில் உரிய இடம் தர வேண்டும் என்பேன்.

கார்டுக்கும் கவருக்கும் உள்ள வேறுபாடு விலையோடு நிற்பதில்லை. கார்டைத் தபால்காரரும் வீட்டில் உள்ளவரும் எதிர்வீட்டுக்காரரும் படிக்கலாம். ஆகவே அதில் கடன், சிபாரிசு, சக புலவரைப் பற்றிய குறை முதலியவை இராது. இருந்தாலும் ‘நேரில் சொல்லுவேன்’ என்றோ ‘தனித்து எழுதுகிறேன்’ என்றோ முடிந்திருக்கும். ஒரு கார்டில் அப்படி வந்தால், அடுத்த சில நாட்களில் அதே கையெழுத்தில் கவர் ஒன்று வந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

தபால் தலையும் முத்திரையும் தேதிக்கு உதவுபவை. 1855 முதல் 1882க்கு முன்பு வரை வெளிவந்த தலைகளில் ‘ஈஸ்ட் இந்தியா’ என்றும், அவ்வாண்டு முதல் வெளிவந்தவற்றில் ‘இந்தியா’ என்றும் பெயர் இருக்கும். இரண்டிலும் விக்டோரியா அரசியின் உருவம். தபால் முத்திரையில் அனுப்பிய ஊரும் சேர்ந்த ஊரும் தெளிவாகத் தெரிந்தால், கடிதம் எழுதிய நாளுக்கும் கையில் சேர்ந்த நாளுக்கும் இடைவெளி எவ்வளவு என்றும் கண்டுகொள்ளலாம். வி.பி. தபால் 1877இல் வந்த பிறகு, புத்தகம் வேண்டியவர் விலையைத் தபால்காரரிடமே கொடுத்துவிட்டுப் பெற்றுக்கொள்ள முடிந்தது. அதன் பின்னர் ஆசிரியருக்கு வரும் கடிதங்களில் கணிசமானவை புத்தகம் கேட்பவை. அவற்றை வணிகக் கடிதங்கள் என்று தள்ளிவிடாதீர்கள். எந்த ஊரில், எந்த உத்தியோகத்தில் இருந்தவர்கள் சங்க நூல்களை வாங்கினார்கள் என்பதற்கு இவற்றைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

தேதியைக் கண்டுபிடித்தல்

புதியவர்கள் மிகுதியாகத் தடுமாறும் இடம் இது. எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆங்கிலத் தேதி இட்ட கடிதங்களில் சிக்கல் இல்லை. தமிழ் வருஷமும் மாதமும் நாளும் மட்டும் இருந்தால், அறுபது ஆண்டுச் சுழற்சியில் அந்த வருஷம் எத்தனையாவது என்று முதலில் பாருங்கள். பிரபவ முதல் எண்ணி வரும் எண்ணோடு 1866ஐக் கூட்டினால், அந்த வருஷம் தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். விக்கிரம பதினான்காவது, ஆகவே 1880. தாது பத்தாவது, ஆகவே 1876, அதாவது தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு. அதற்கு முந்தைய சுற்றுக்கு 1806ஐக் கூட்ட வேண்டும். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கிய கீலக வருஷம் நாற்பத்திரண்டாவது என்பதால் அது 1848 ஆகிறது.

இங்கே இரண்டு குழிகள் உள்ளன. தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால், தை, மாசி, பங்குனி ஆகிய மாதங்களும் மார்கழியின் பிற்பகுதியும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். விக்கிரம வருஷம் தை மாதக் கடிதம் 1881ஐச் சேர்ந்ததே தவிர 1880ஐ அன்று. சித்திரை முதல் நாளும் இன்று ஏப்ரல் 14இல் வருவதுபோல் அன்று வரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஓரிரு நாள் முன்னதாகவே வந்துவிடும். ஆகவே இன்றைய நாட்காட்டியை வைத்து நாளுக்கு நாள் மாற்றாமல், அவ்வாண்டுக்குரிய பஞ்சாங்கத்தையோ, நம்பத்தக்க நாள்மாற்றுப் பட்டியலையோ பயன்படுத்துங்கள்.

மற்றொரு குழி, அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவது. நீண்ட காலம் வாழ்ந்தவர்களின் தொகுப்பில் இது உண்மையான தொல்லை. உ.வே.சா. கும்பகோணத்தில் ஆசிரியரானது விக்கிரம வருஷம் தொடங்கும் தறுவாயில். அவர் எண்பத்தைந்து வயதில் தம் வாழ்க்கையைத் தொடராக எழுதிக்கொண்டிருந்த 1940உம் விக்கிரமதான். வருஷப் பெயரை மட்டும் கண்டு முடிவு செய்யாமல் தபால் தலையைப் பாருங்கள்: விக்டோரியா என்றால் முன்னது, ஆறாம் ஜார்ஜ் என்றால் பின்னது.

கிழமை எழுதப்பட்டிருந்தால் அதுவே சிறந்த சோதனை. இராமசாமி முதலியாரை உ.வே.சா. முதன்முதலில் சந்தித்து, சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்கப்பட்ட நாள் 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கணக்கிட்டுப் பார்த்தால் அந்தத் தேதி வியாழனில்தான் விழுகிறது. தேதியும் கிழமையும் ஒத்துவந்தால் உங்கள் மாற்றம் சரி. ஒத்துவராவிட்டால் நீங்கள் எண்ணைப் பிழையாக வாசித்திருக்கிறீர்கள், அல்லது எழுதியவரே நாளைத் தவறவிட்டிருக்கிறார். முன்னதற்கே வாய்ப்பு அதிகம்.

எழுத்தை வாசித்தல்

எண்ணைப் பிழையாக வாசிப்பதற்குக் காரணம், தமிழ் எண்கள் எழுத்துகளின் வடிவத்திலேயே இருப்பதுதான். ௧ ககரத்தையும், ௨ உகரத்தையும், ௪ சகரத்தையும், ௭ எகரத்தையும், ௮ அகரத்தையும் ஒத்திருக்கும். கடிதத்தின் உச்சியில் தனியாக நிற்கும் உகரம் பிள்ளையார் சுழி. அதை இரண்டு என்று வாசித்துத் தேதியோடு சேர்த்துவிடக் கூடாது. பத்துக்கும் நூறுக்கும் ௰, ௱ என்ற தனிக் குறிகள் உண்டு. ௨௰௧ என்றால் இருபத்தொன்று. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்ற குறிகளை முதல் நாளே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கையெழுத்தில் இவை ஒரே இழுப்பாக மாறியிருக்கும். எனவே தேதி உறுதியாகத் தெரிந்த சில கடிதங்களைக் கொண்டு, அந்தக் கையின் குறி எப்படி இருக்கிறது என்று முதலில் பழகிக்கொள்வது நல்லது.

எழுத்துகளைப் பொறுத்தவரை, ஓலையில் எழுதிப் பழகிய கைகள் தாளிலும் புள்ளியை விட்டுவிடுவதுண்டு. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு அச்சில் நிலைத்துவிட்ட பிறகும் கையெழுத்தில் ஒழுங்காக வராது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். ஆகவே ‘தர’ என்று கண்ணுக்குத் தெரிவது ‘தர’வாகவும் இருக்கலாம், ‘தா’வாகவும் இருக்கலாம், எது என்பதை வாக்கியம்தான் சொல்ல வேண்டும். சொற்களுக்கு இடையே இடைவெளி இல்லாமல், சந்தி சேர்த்து, வரி முடியும் இடத்தில் சொல்லை எங்கு வேண்டுமானாலும் முறித்து எழுதுவதும் இயல்பு. வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத சொல் பல நேரங்களில் காதுக்குப் பிடிபட்டுவிடும்.

ஒருவரின் கையெழுத்து பழகும்வரை அவருடைய கடிதங்களை மட்டும் தொடர்ந்து படிப்பது உதவும் என்றால் படியுங்கள். பிறகு நாள்வரிசைக்குத் திரும்பிவிட வேண்டும்.

படியெடுக்கும்போது உள்ளதை உள்ளபடி எழுதிய படி ஒன்று, புள்ளியிட்டுச் சொல் பிரித்த படி ஒன்று என இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். திருத்திய படியை மட்டும் வைத்திருப்பவர் சில மாதங்களில் எது எழுதியவருடையது, எது தம்முடையது என்று சொல்ல முடியாத நிலைக்கு வந்துவிடுவார். ஊகித்த எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இடுங்கள். வாசிக்க முடியாத இடத்தில் எத்தனை எழுத்துகள் போயிருக்கும் என்று மதிப்பிட்டு அத்தனை புள்ளிகள் வையுங்கள். எழுதியவரின் பிழையைத் திருத்த வேண்டாம். பெரும் புலவர்களும் அவசரக் கார்டில் பிழைவிட்டிருக்கிறார்கள். பழைய ஏடுகளில் பாடம் வேறுபடும் இடங்களைக் குறித்து வைத்த அந்தப் பதிப்பாசிரியர்களின் கடிதங்களையே நாம் மனம்போனபடி திருத்துவது முறையன்று.

விளிப்பும் வணக்கமும்

‘ம-ள-ள-ஸ்ரீ’ (மகாராஜராஜஸ்ரீ என்பதன் சுருக்கம்) என்று தொடங்கி, பெயருக்குப் பின் ‘அவர்கள் திவ்விய சமுகத்திற்கு’ என்று வளர்ந்து, ‘இவ்விடம் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்திற்கு எழுதியருள வேண்டும்’ என்று போகும் தொடக்கத்தை வெறும் சம்பிரதாயம் என்று தாண்டிவிட வேண்டாம். சம்பிரதாயம்தான், ஆனால் அதில் ஏற்படும் மாற்றமே செய்தி. மூத்தவர் ஆசீர்வாதம் சொல்வார், இளையவர் நமஸ்காரமோ வணக்கமோ சொல்வார். சாதியும் சமயமும் பதவியும் அந்தச் சொல்லைத் தீர்மானிக்கும். ஆதீனத் தலைவரிடமிருந்து வருவதைக் கடிதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அது திருமுகம். ஒரே மனிதர் பல ஆண்டுகள் எழுதிய கடிதங்களின் விளிப்புகளை மட்டும் தனியே வரிசையாக எழுதிப் பாருங்கள். முதலில் நீண்டிருந்த விளிப்பு நட்பு வளர வளரக் குறுகும். அது திடீரென்று மீண்டும் நீண்டால், இடையில் ஏதோ நடந்திருக்கிறது.

முகப்பில் வெண்பாவோ விருத்தமோ இருந்தால் அதையும் சேர்த்தே படியெடுங்கள். உதவி கேட்டுச் செய்யுளில் எழுதும் சீட்டுக்கவி மரபு அந்தத் தலைமுறை வரை உயிரோடு இருந்தது. வேண்டுகோளின் உண்மையான சாரம் பாட்டில் இருக்க, உரைநடை அதற்கு உபசாரமாக மட்டும் நிற்கும் கடிதங்கள் உண்டு. பாரிசில் தமிழ் கற்பித்த ஜூலியன் வின்சோன் போன்ற வெளிநாட்டாரும் உ.வே.சா.வுக்குத் தமிழிலேயே எழுதினார்கள். அத்தகைய கடிதங்களில் மரபான விளிப்பு எவ்வளவு தூரம் பின்பற்றப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது தனிச் சுவை.

மறுபாதியைத் தேடுதல்

எந்தக் கடிதமும் உரையாடலில் ஒரு பாதி. ஒவ்வொரு கடிதத்துக்கும் மூன்று கேள்விகளை எழுப்பிக் குறித்து வையுங்கள்: இது எதற்கு மறுமொழி? இதற்கு மறுமொழி எது? இது குறிப்பிடும் பொருள், அதாவது உடன் அனுப்பிய சுவடி, புரூப், பணம், எங்கே போயிற்று? ‘தங்கள் 12௳ கடிதம் கிடைத்தது’ என்ற ஒரு வரி, காணாமல் போன கடிதம் ஒன்றின் நாளை நமக்குத் தருகிறது. அப்படிக் காணாமல் போனவற்றுக்கும் உங்கள் வரிசையில் வெற்றிடம் ஒதுக்கி எண் கொடுங்கள்.

மறுபாதி பெற்றவரின் குடும்பத்திலோ, மடத்திலோ, அவருடைய நூலின் முன்னுரையிலோ இருக்கலாம். சி.வை.தாமோதரம் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்து, வட்டுக்கோட்டையில் படித்து, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவராகி, பிற்காலத்தில் கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருந்தவர் அவர். 1887இல் அவர் கலித்தொகையை வெளியிட, அதே ஆண்டில் சிந்தாமணியும் வெளிவந்தது. ஒரே ஊரில் வாழ்ந்த இரண்டு பதிப்பாசிரியர்கள் என்பதால், அவர்களுக்குள் நடந்த பேச்சில் பெரும்பகுதி கடிதத்தில் இருக்க முடியாது. ஒருவர் வெளியூர் போன நாட்களில்தான் கடிதம் பிறக்கிறது. கடிதம் இல்லாத மாதங்களை நட்பு இல்லாத மாதங்கள் என்று எண்ணிவிடும் பிழை இங்கிருந்தே தொடங்குகிறது. நெருங்கியவர்கள் குறைவாகவும் தூரத்தில் இருப்பவர்கள் மிகுதியாகவும் தோன்றுவது கடிதத் தொகுப்புகள் அனைத்துக்கும் பொதுவான கோணல்.

தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகளும் அக்காலத்துப் பிற பதிப்பாசிரியர்களின் முன்னுரைகளும் சுவடி கொடுத்தவர்களைப் பெயர் சொல்லி நன்றி கூறுகின்றன. அந்தப் பட்டியலை உங்கள் ஆட்பெயர்ப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இருந்தும் கடிதம் இல்லாதவர்கள் நேரில் கொடுத்திருக்கலாம். கடிதம் இருந்தும் பட்டியலில் இல்லாதவர்கள் மறுத்தவர்களாகவோ, காலம் கடந்து அனுப்பியவர்களாகவோ இருக்கலாம். முன்கூட்டியே விலை கொடுத்துக் கையொப்பம் இட்டவர்களின் பெயர்களையும் இதே முறையில் சரிபார்க்கலாம்.

நினைவுநூலும் கடிதமும் முரண்படும்போது

ஆசிரியர் பிற்காலத்தில் தம் வாழ்க்கையை எழுதியிருந்தால், அதைக் கடிதங்களுக்கு உரையாக வைத்துப் படிக்கும் ஆசை எழும். உ.வே.சா.வின் தன்வரலாறு 1940 தொடங்கி வார இதழில் தொடராக வந்து, அவர் மறைவால் முற்றுப்பெறாமல் நின்றது. அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சிகளை எழுதும்போது, கடிதங்களைச் சேர்த்து வைத்த பழக்கம் அவருக்குத் துணையாக இருந்திருக்கும். ஆயினும் நினைவுநூல் நிகழ்ச்சிகளின் முடிவு தெரிந்தவர் எழுதுவது. கடிதம் நாளை என்ன நடக்கும் என்று தெரியாதவர் எழுதுவது. அச்சுக்குத் தாள் வாங்கப் பணம் போதுமா என்ற கவலை கடிதத்தில் எத்தனை முறை வருகிறதோ அத்தனை முறை நினைவுநூலில் வராது. முரண்பாடு கண்டால் உடனே ஒன்றைப் பொய் என்று தள்ளாமல், நாள், இடம், தொகை ஆகியவற்றில் கடிதத்துக்கும், உறவுகளின் பின்னணியில் நினைவுநூலுக்கும் முன்னுரிமை கொடுத்து, இரண்டையும் குறிப்பில் பதிவு செய்யுங்கள்.

வெளியிட நினைத்தால்

கடிதத் தாளுக்கு உரிமையாளர் பெற்றவரோ அவருடைய நூலகமோ ஆகலாம். ஆனால் வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் வாழ்நாளில் வெளிவந்த எழுத்துக்கு அவர் மறைந்து அறுபது ஆண்டுகள் வரையிலும், மறைவுக்குப் பின் முதன்முறையாக வெளிவந்ததற்கு வெளியான ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள் வரையிலும் உரிமை நீடிக்கும். ஆகவே நூறாண்டுக்கு மேல் பழைய கடிதம் என்பதாலேயே அது எல்லோருக்கும் பொது என்று கருத முடியாது. பொதுமக்கள் பார்வையிடத்தக்க நூலகத்தில் உள்ள, எழுதியவர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்த வெளிவராத எழுத்தை ஆய்வுக்காகப் படியெடுக்கச் சட்டம் இடம் தருகிறது. படியெடுப்பதற்கும் நூலாக்குவதற்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவதற்கு நூலகத்தாரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குடும்பச் செய்திகளில் எதை விடுவது என்ற கேள்வியும் வரும். கடனும் நோயும் சொத்துத் தகராறும் அன்றைய ஆசிரியர் வாழ்வின் பகுதிகள். அவற்றை நீக்கினால், அவர் ஏன் விடுமுறை தவறாமல் அச்சுக்கூடத்துக்குப் போக முடியவில்லை என்பதே புரியாமல் போகும். நான் நீக்காமல் வெளியிடுவதையே விரும்புவேன். எழுதியவரின் பேரன் பேத்திகளைத் தொடும் செய்தியானால், அவர்களை முன்னதாகக் கேட்பது முறை. எதையாவது நீக்க நேர்ந்தால், நீக்கிய இடத்தையும் எத்தனை வரிகள் நீக்கப்பட்டன என்பதையும் அங்கேயே குறித்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் உங்கள் இரண்டு படிகளின் நகலையும், ஆட்பெயர்ப் பதிவேட்டையும், காணாமல் போன கடிதங்களின் வரிசையையும் அந்த நூலகத்திலேயே கொடுத்து வையுங்கள். அடுத்து அதே கட்டைக் கேட்டு வருபவருக்குத் தேதிகளை மீண்டும் முதலிலிருந்து கணக்கிடும் வேலை இராது.